சிறு குழந்தைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்லலாமா? எந்த வயதிலிருந்து?

அரும்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு விரைவில் 5 வயது நிறைகிறது. இளையவனுக்கு ஒன்றரை வயது. வீட்டில் இருப்பது 150 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். இதுவரை பிள்ளைகளை அதில் ஏற்றியதில்லை. மூத்தவள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கவிருப்பதால், காலையில் நானே அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்திருக்கிறது. பாதையில் முதல் பாதி குடியிருப்புத் தெருக்கள். மறுபாதி லாரிகளும் பேருந்துகளும் விரையும் நான்குவழிச் சாலை.

இவ்வளவு சிறிய பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றவே கூடாது என்பது என் மனைவியின் முடிவு. என் அண்ணன், தம் பிள்ளைகள் நடை பழகும் முன்பே அவர்களைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைத்து ஓட்டியவர். நாங்கள் தேவையில்லாமல் பயப்படுகிறோம் என்கிறார். இருவர் சொல்வதிலும் எனக்கு நிறைவில்லை. குழந்தையை ஏற்றுவதை முற்றிலும் தடுப்பதுதான் சரியா, அல்லது ஒரு வயதோ உயரமோ எட்டிய பின் ஏற்றலாமா? ஏற்றலாம் என்றால் முன்னால் உட்கார வைப்பதா, பின்னால் உட்கார வைப்பதா? குழந்தையை ஓட்டுநரின் உடலோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் கிடைக்கிறதே, அது உண்மையில் காப்பாற்றுமா? அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி

வணக்கம் நண்பரே. சட்டம் வகுப்பவர்களே இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதால், முதலில் சட்டங்களைப் பார்ப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 8 வயது நிறையாத குழந்தை பின்னிருக்கையில் பயணிக்க அனுமதியில்லை. பக்கவாட்டுத் தொட்டி (சைடுகார்) பொருத்திய வண்டியில், அந்தத் தொட்டிக்குள் உட்காரலாம். இத்தாலியில் 5 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றக் கூடாது. ஸ்பெயினில் 12 வயது என்பது பொது வரம்பு. பெற்றோரோ பாதுகாவலரோ அவர்கள் அனுமதித்த பெரியவரோ ஓட்டினால் 7 வயதிலிருந்து ஏற்றலாம். ஜெர்மனியில் தடை இல்லை. ஆனால் 7 வயது நிறையும் வரை குழந்தைக்குத் தனி இருக்கையும், கால் சக்கரக் கம்பிகளுக்குள் போகாமல் தடுக்கும் மறைப்பும் இருக்க வேண்டும். பிரிட்டனில் குறைந்தபட்ச வயதே கிடையாது. முறையான இருக்கையில் இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும், கால்மிதி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றுள் எனக்குப் பொருளுள்ளதாகத் தோன்றுவது பிலிப்பைன்ஸ் நாடு 2015-இல் இயற்றிய 10666-ஆம் எண் சட்டம். நெரிசல் மிகுந்த சாலைகளிலும், 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலைகளிலும் குழந்தையை ஏற்ற வேண்டுமானால் அச்சட்டம் மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது: குழந்தையின் பாதம் கால்மிதியில் வசதியாகப் பதிய வேண்டும், கைகள் ஓட்டுநரின் இடுப்பைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், தரமான தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும். அங்கே பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை. உடல் வண்டிக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரே வயதுடைய இரு பிள்ளைகளின் உயரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பள்ளி வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும்.

இந்தியாவின் நிலை வேறு. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த விதி, 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றுவதைத் தடுக்கவில்லை. குழந்தைக்குப் பாதுகாப்புக் கச்சை அணிவித்து ஓட்டுநரோடு இணைக்க வேண்டும், 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் கவசம் அணிவிக்க வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. 4 வயதைக் கடந்தவர்களுக்கு, பெரியவர்களைப் போலவே தலைக்கவசம் கட்டாயம். ஓட்டுநரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்ற விதியில் குழந்தைக்குச் சலுகை இல்லை. பெற்றோருக்கு நடுவில் ஒரு குழந்தையை அனுமதிக்கக் கேட்டு 2023-இல் கேரள அரசு எழுதியபோதும் மத்திய அரசு அதை ஏற்கவில்லை. ஆகவே தாயும் தந்தையும் குழந்தையுமாக மூவர் செல்வது சட்டத்தின் கண்ணில் மூவர் செல்வதேதான்.

என் முடிவைக் கேட்டால், கால்மிதி எட்டாத குழந்தையைப் பின்னிருக்கையில் ஏற்றக் கூடாது. முன்னால் எந்த வயதுக் குழந்தையையும் ஏற்றக் கூடாது.

மழைத்துளி

குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நெடுவழி அவர்கள் கால்மிதியைச் சொன்னார். நான் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்கு அளவுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்த விகிதம் மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. அதனால் சிறு குழந்தை தூக்கி எறியப்படும்போது பெரும்பாலும் தலையே முதலில் தரையைத் தொடுகிறது. அந்தத் தலையைத் தாங்கும் கழுத்தின் தசைகள் வலுவற்றவை, எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் தளர்ந்தவை. பெரியவர்களின் கழுத்து முன்பின்னாக ஆடும்போது மையமாக இருப்பது கழுத்தின் கீழ்ப்பகுதி. குழந்தைக்கு அந்த மையம் மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டாம் மூன்றாம் கழுத்தெலும்புகளுக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஏற்படும் காயம் மூச்சையே நிறுத்திவிடக் கூடியது. ஏறத்தாழ 8 வயதுக்கு மேல்தான் கழுத்தின் அமைப்பு பெரியவர்களின் அமைப்பை நெருங்குகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைக்கவசம் மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2008-இல் வெளியிட்ட மதிப்பாய்வு கூறுகிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெரியவர்களின் கவசம் ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ளது. அதை ஒன்றரை வயதுக் குழந்தையின் தலையில் மாட்டினால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் எடையையும் அந்தக் கழுத்தே சுமக்க வேண்டும். கவசம் இல்லாமல் தலையைப் பணயம் வைப்பதா, கனத்த கவசத்தால் கழுத்தை வருத்துவதா என்ற கேள்விக்கு நல்ல விடை கிடையாது. எனவே உங்கள் இளையவனைப் பொறுத்தவரை என் பதில் "வேண்டாம்" என்பதுதான். அதில் எந்தப் பெல்ட்டும் என் மனத்தை மாற்றாது.

குழந்தையைக் கையால் அணைத்துக்கொண்டால் போதும் என்று நம்புகிறவர்களுக்காக ஒரு கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன் மீதோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். 12 கிலோ எடையுள்ள குழந்தை அந்த நொடியில் அணைத்திருக்கும் கையை ஏறக்குறைய 85 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னோக்கி இழுக்கும். அதே நொடியில் அணைத்திருப்பவரும் முன்னால் எறியப்படுகிறார். எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அன்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முன்னால் உட்கார வைப்பது இதைவிடக் கொடியது. நேர் மோதலில் ஓட்டுநரின் உடல் இருக்கையிலிருந்து வழுக்கி டேங்கின் மேல் ஏறும். அங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தை, ஹேண்டில் பாருக்கும் பெரியவரின் நெஞ்சுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. ஸ்கூட்டரின் முன்தளத்தில் நிற்க வைத்த குழந்தையின் தாடையும் பற்களும் ஹேண்டில் பாரின் உயரத்தில் இருப்பதால், மோதல் கூடத் தேவையில்லை; திடீர் பிரேக் ஒன்றே போதும். நின்றுகொண்டிருக்கும் ஸ்கூட்டரின் எஞ்சினை அணைக்காமல் பெரியவர் யாருடனாவது பேசிக்கொண்டிருக்க, முன்னால் நிற்கும் பிள்ளை ஆக்சிலேட்டரைத் திருகிவிடும் விபத்துகளும் நடக்கின்றன.

கதிரொளி

மேலே எழுதிய இருவரின் அக்கறையையும் மதிக்கிறேன். இருந்தாலும் இந்த உரையாடல், வேறு வாகனம் வைத்திருப்பவர்களின் நாற்காலியில் அமர்ந்துகொண்டு நடப்பதாக எனக்குப் படுகிறது. உலகில் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. குடும்பத்துக்கு வாய்த்த ஒரே வாகனம் அதுதான். காய்ச்சலில் துவளும் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்வதும், நேரத்துக்குப் பேருந்து வராத ஊரிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுசெல்வதும் அதில்தான். 8 வயது வரை ஏற்றாதே என்று சட்டம் இயற்றிவிட்டு, மாற்று வழி எதையும் அமைக்காமல் இருக்கும் அரசு, பாதுகாப்பின் பெயரால் ஏழையின் வாகனத்துக்கு மட்டும் தண்டம் விதிக்கிறது என்றே நான் சொல்வேன்.

இன்னொன்று. மாற்று என்று சொல்லப்படுபவை எல்லாம் பாதுகாப்பானவை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைத்த வாடகை வண்டி, நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலையின் ஓரமாக நடப்பது, இவையும் கணக்கில் வர வேண்டும். ஒரு வழியின் அபாயத்தை அதன் பக்கத்தில் இருக்கும் வேறு வழியோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட முடியும். எந்த அபாயமும் இல்லாத கற்பனை வழியோடு ஒப்பிட்டு அன்று.

எனவே தடையைவிட நிபந்தனைகளே நடைமுறைக்கு உகந்தவை. அந்த வகையில் இந்திய விதியில் நான் மிகவும் மதிப்பது 40 கிலோமீட்டர் வரம்பைத்தான். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக வளர்கிறது; வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 40-இல் அது 6 மீட்டருக்குச் சற்று மேல். 60-இல் 14 மீட்டர். குழந்தையோடு செல்லும் தந்தை தம் கட்டுப்பாட்டில் முழுமையாக வைத்துக்கொள்ளக் கூடியது இந்த ஒன்றுதான்.

நெடுவழி

கதிரொளி அவர்களுக்கு: அரசு மாற்று வழி அமைக்க வேண்டும் என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் நிபந்தனை போதும் என்ற வாதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. குழந்தையை ஏற்றிய வண்டி 40-இல் போகலாம். அதன் பின்னால் வரும் லாரி 80-இல் வருகிறது. கேள்வி கேட்டவரின் பாதையில் பாதி அப்படிப்பட்ட சாலை. அங்கே வேகத்தைக் குறைத்து ஓரமாகச் செல்வது ஓட்டுநரின் பிழையால் நேரும் விபத்தைத் தடுக்கும்; பிறரின் பிழையால் நேர்வதை அது தடுக்காது, வேக வேறுபாட்டால் சில வேளைகளில் கூட்டவும் செய்யும். பிலிப்பைன்ஸ் சட்டம் குழந்தையோடு சாலையையும் சேர்த்து எடைபோட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் ஓடும் அவசரத்தை நான் எதிர்க்கவில்லை. நாள்தோறும் இருமுறை செய்யப்போகும் பயணத்தை அவசரத்தின் அளவுகோலால் அளக்க வேண்டாம் என்கிறேன்.

பணிமனை

இருசக்கர வாகனப் பணிமனை நடத்துகிறேன். கொள்கையைப் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு மோட்டார் சைக்கிளால் நேரும் காயங்களில் மோதலே இல்லாதவை பல. குதிகால் பின்சக்கரக் கம்பிகளுக்குள் நுழைவது ஒன்று. கெண்டைக்கால் சைலன்சரில் படுவது இன்னொன்று. கால்மிதி எட்டாத குழந்தையின் கால் தொங்கிக்கொண்டே இருக்கும்; தொங்கும் கால் தூக்கம் வந்தால் தானாகவே உட்பக்கம் சாயும். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று இந்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சேலை கார்டு என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் கம்பித் தடுப்பை அழகு கெடுகிறது என்று கழற்றச் சொல்லி வருபவர்கள் இருக்கிறார்கள். குழந்தையை ஏற்றப்போகிறவர் அதைக் கழற்றக் கூடாது. அதன் இடைவெளி வழியாகச் சிறிய பாதம் நுழையுமா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் அது பெரியவர்களின் உடையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால், ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கமாகவே இருக்கட்டும். வண்டியை நிறுத்திய பின்பும் அது நெடுநேரம் சுடும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கால்மிதியை உயர்த்த மரக்கட்டை வைத்துக் கட்டித் தரும்படி சிலர் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. பாதம் பதிவது ஆறுதலுக்காக அன்று. மேட்டில் குதிக்கும்போது பிள்ளை அதை அழுத்தித் தன் எடையைத் தாங்க வேண்டும். அசையும் கட்டையை விடக் கட்டை இல்லாததே மேல்.

இனி பெல்ட். இந்திய விதியில் சொல்லப்படும் கச்சை, குழந்தை அணியும் மேற்சட்டை போன்றது; அதிலிருந்து வரும் பட்டைகள் ஓட்டுநரின் தோள்களில் மாட்டப்படும்; பட்டைகளின் ஒரு பகுதி குழந்தையின் கால்களுக்கு இடையே சென்று, குழந்தை அதன் மேல் உட்காரும். 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. இது நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு: தூங்கிச் சரியும் குழந்தையையும், வண்டி கிளம்பும்போது பின்னால் சாயும் குழந்தையையும் விழாமல் பிடித்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வண்டியின் அதிர்விலேயே தூங்கிவிடுவார்கள் என்பதால் இது சிறிய உதவியன்று. ஆனால் வண்டி கவிழ்ந்தால், ஓட்டுநர் எங்கே உருள்கிறாரோ அங்கேயே குழந்தையும் உருளும். அவர் எடை அதன் மேல் விழவும் கூடும். காருக்குள் பெல்ட் காப்பாற்றுவது, சுற்றியுள்ள கூண்டும் சேர்ந்து தாங்குவதால்தான். இங்கே அந்தக் கூண்டு இல்லை. விழுவதைத் தடுக்கும் கருவி என்று நினைத்து வாங்குங்கள். மோதலைத் தாங்கும் கருவி என்று நினைக்காதீர்கள். இடுப்பை மட்டும் சுற்றி ஒற்றைக் கொக்கியில் நிற்கும் மலிவான பட்டைகளை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அரும்பு

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. இன்று மாலை வண்டியைச் சென்ட்ரல் ஸ்டாண்டில் நிறுத்தி மூத்தவளைப் பின்னால் உட்கார வைத்துப் பார்த்தேன். கால்விரல் நுனிதான் கால்மிதியைத் தொடுகிறது. இருக்கை அகலமாக இருப்பதால் கால்கள் விரிந்து அந்த எட்டும் தூரமும் குறைந்துவிடுகிறது. கைகள் என் இடுப்பின் பக்கவாட்டு வரைதான் வருகின்றன. இளையவனைப் பற்றிய பேச்சே முடிந்துவிட்டது. மூத்தவளை நான்குவழிச் சாலையில் கொண்டுசெல்வதில்லை என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம்; பள்ளிப் பேருந்து கிடைக்காவிட்டால், சற்றுத் தொலைவானாலும் உள்தெருக்கள் வழியாக நடந்தே கொண்டுபோய் விடலாம். அண்ணன் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

கால் எட்டும் நாள் வந்த பிறகு தலைக்கவசம் தேவைப்படும். மிதிவண்டிக்கான கவசம் எடை குறைந்தது என்பதால் கழுத்துக்கு நல்லது என்கிறார்கள். அதை வாங்கலாமா?

மழைத்துளி

எடை குறைவு என்பது உண்மை. இந்திய விதியும் 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஐரோப்பிய இஎன் 1078, இஎன் 1080 தரமுள்ள மிதிவண்டிக் கவசங்களை ஏற்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இஎன் 1080 கவசம் தத்தித் தத்தி விளையாடும் பிள்ளைகளுக்கானது. விளையாட்டுக் கம்பிகளில் மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகாமல் இருக்க, இழுபட்டதும் அதன் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். சாலையில் உருளும்போது கழன்றுவிடும் கவசம் உங்களுக்கு வேண்டாம். இஎன் 1078 அப்படித் திறந்துகொள்ளாது என்றாலும், அது சோதிக்கப்படும் மோதல் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் கவசத்துக்கான முந்தைய ஐரோப்பியத் தரமான ஈசிஇ 22.05-இல் அது 27 கிலோமீட்டராக இருந்தது. உங்கள் மகளுக்குக் கால் எட்டும் வயதில் கழுத்தும் சற்று வலுப்பெற்றிருக்கும் என்பதால், குழந்தைகளுக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள் கவசத்தை வாங்குங்கள். கிடைப்பவற்றுள் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

பணிமனை

வாங்கும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். புருவத்துக்கு மேல் தலையைச் சுற்றி அளவு நாடாவால் அளந்து, அந்தச் சென்டிமீட்டர் அளவிலேயே கேளுங்கள். அடுத்த ஆண்டும் உதவும் என்று பெரிதாக வாங்கக் கூடாது. மாட்டிப் பூட்டிய பின் தலையை இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள். கவசத்தோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது அவளுக்கான அளவு இல்லை. தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறர் பயன்படுத்திய கவசத்தை வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டிருந்தால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.